பல்லழகியின் ஞாயிறு வகுப்பு

அந்தக் கத்தோலிக்கக் கோயிலின் பங்கு மக்களில் பாதிப் பேர் பல்லழகி செய்த பல்லால்தான் மெல்லுகிறார்கள் என்று சொன்னால் அது கொஞ்சம் மிகை. கால்வாசிப் பேர் என்றால் யாரும் மறுக்கமாட்டார்கள்.

பல் மருத்துவர்கள் நோயாளியின் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார்கள். அந்த அச்சுக்கு ஏற்றபடி பல் செய்து கொடுக்கும் கூடம் ஒன்றில் அவளுக்கு வேலை. நீளமான மேசை, அதன் விளிம்பில் வரிசையாக வெள்ளைத் தாடைகள், மெழுகு உருக்கச் சின்னச் சுடர் விளக்கு, ஊசி போன்ற கரண்டிகள், ஓட ஆரம்பித்தால் தலைவலி வரவைக்கும் ஓர் அரவை இயந்திரம். அந்த இயந்திரத்தின் பக்கத்து நாற்காலியில் யாரும் உட்காரமாட்டார்கள். பல்லழகிக்கு அது ஒரு பொருட்டே இல்லை. கைக்குழந்தையாக இருந்தபோது வந்த காய்ச்சலில் அவளுக்குக் காது கேட்காமல் போய்விட்டது. அதனால் ஜன்னலோரம், நல்ல வெளிச்சம் விழும் அந்த இடம், வேலைக்குச் சேர்ந்த அன்றே அவளுக்குக் கிடைத்தது.

"எல்லாரும் ஓடிப்போன இடம் எனக்கு வசமா மாட்டிச்சுப்பா," என்று வீட்டில் அப்பாவிடம் கையால் சொல்லிக் கண்ணடித்தாள்.

மற்றவர்கள் செய்யும் பல் முத்துக் கோத்த மாதிரி இருக்கும். இவள் செய்யும் பல்லில் எங்கேயாவது ஒரு சின்னக் கோணல் இருக்கும். வேண்டுமென்றே வைப்பாள். அந்த மனிதர் பல் போவதற்கு முன்னால் எப்படிச் சிரித்திருப்பார் என்று பழைய புகைப்படம் கேட்டு வாங்கிப் பார்த்துத்தான் வேலையைத் தொடங்குவாள். கூடத்தின் முதலாளிதான் அவளுக்குப் பல்லழகி என்று பேர் வைத்தார். அந்தப் பேரே நிலைத்துவிட்டது.

அவளுடைய அப்பா லிஃப்ட் பழுது பார்ப்பவர். அடுக்குமாடிகளில் லிஃப்ட் நின்றுபோனால் அவருக்குத்தான் அழைப்பு வரும். மகளுக்குக் காது கேட்காது என்று மருத்துவர் சொன்ன வருஷம், வார விடுமுறை நாட்களில் காது கேளாதோர் பள்ளிக்குப் போய், சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து சைகை மொழி கற்றுக்கொண்ட மனிதர். கிரீஸ் படிந்த அந்தத் தடித்த விரல்கள் பேச ஆரம்பித்தால் அவ்வளவு வேகம். அம்மாவுக்கு அவ்வளவு வராது. அவள் பாதி கையாலும் பாதி முகத்தாலும் பேசிச் சமாளிப்பாள்.

அப்பாவும் மகளும் ஒத்துப்போகாத விஷயம் ஒன்றே ஒன்று, கோயில்.

ஒரு காலத்தில் ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு முதல் ஆளாகப் போனவர்தான் அவர். பல்லழகி பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த வயதில் வெளியூரிலிருந்து ஒரு போதகர் வந்து, குணமாக்கும் செபக் கூட்டம் நடத்தினார். யாரோ சொல்லிவிட, பிள்ளையை மேடைக்குக் கூப்பிட்டார்கள். போதகர் அவள் இரண்டு காதுகளையும் அழுத்திப் பிடித்துக்கொண்டு கத்திக் கத்திச் செபித்தார். என்ன நடக்கிறதென்று தெரியாமல் குழந்தை பயந்து நடுங்கியது. கடைசியில் அவள் முதுகுக்குப் பின்னால் கைதட்டிப் பார்த்தார்கள். அவள் திரும்பவில்லை. போதகர் மைக்கைப் பிடித்து, "பெத்தவங்களுக்கு விசுவாசம் போதல," என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

லிஃப்ட்காரர் மேடையேறிப் பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். அதற்குப் பிறகு கோயிலுக்குள் காலெடுத்து வைக்கவே இல்லை.

ஆனால் அம்மாவையும் மகளையும் தடுக்கவில்லை. ஞாயிறுதோறும் இரண்டு பேரையும் ஸ்கூட்டரில் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிடுவார். பூசை முடியும் வரை எதிர்ச்சாரியிலிருந்த தேநீர்க் கடையில் செய்தித்தாளை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "நீங்க போயிட்டு வாங்க. எனக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை இல்ல," என்பார். அவர் என்று அவர் சொன்னது கடவுளை.

பல்லழகி போனாளே தவிர, அங்கே அவளுக்கு என்ன இருந்தது? எல்லாரும் எழுந்தால் எழுவாள், முழங்கால் போட்டால் போடுவாள். வாசகங்களைப் புத்தகத்தில் படித்துக்கொள்வாள். ஃபாதர் மறையுரை தொடங்கியதும் மெல்ல எழுந்து வெளியே வந்து மரத்தடியில் நிற்பாள். இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, ரேடியோ ஒருநாள் கவனிக்கும் வரை.

ரேடியோ என்பது ஒரு பெண். பல் மருத்துவமனைகளிலிருந்து அச்சுப் பெட்டிகளை வாங்கி வண்டியில் கூடத்துக்குக் கொண்டுவந்து சேர்ப்பவள். நிறுத்தாமல் பேசுவாள், அதனால் அந்தப் பேர். கோயிலில் இளைஞர் குழுவுக்குத் தலைவியும் அவள்தான். ஒரு திங்கட்கிழமை பெட்டியை மேசையில் வைத்தவள், கைபேசியில் எழுதிக் காட்டினாள்.

"நேத்து பிரசங்கத்துல பாதியில எங்க போனே? உடம்பு சரியில்லையா?"

பல்லழகி மெழுகுக் கையைத் துடைத்துவிட்டுப் பதில் எழுதினாள். "ஃபாதர் பேசும்போது நான் அவர் பல்லத்தான் பாக்கறேன். மேல் வரிசையில இடது பக்கம் ஒண்ணு மாத்தணும். அதையே எத்தனை வாரம் பாக்கறது?"

ரேடியோ விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்தவளுக்குத் தெருமுனை திரும்புவதற்குள் சிரிப்பு நின்றுவிட்டது. இரண்டு பேரும் சின்ன வயதில் கோயிலின் மறைக்கல்வி வகுப்பில் ஒரே பெஞ்சு. உலகத்தில் எல்லாரிடமும் பேசுகிற அவள், பக்கத்தில் இருந்தவளிடம் 'சாப்பிட்டியா' என்று கேட்கக்கூடக் கையைத் தூக்கக் கற்றுக்கொள்ளவில்லை.

அந்த வாரம் இளைஞர் குழுக் கூட்டத்தில் இதைத்தான் எடுத்தாள். பங்குகளுக்கு இடையே நடக்கும் பாட்டுப் போட்டிக்கு அவர்கள் அப்போது மும்முரமாகத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். வருஷா வருஷம் இரண்டாம் இடம்தான். இந்தத் தடவை விடுவதில்லை என்று சபதம் வேறு.

"எல்லாரும் ஃப்ரீயா இருக்கறது ஞாயித்துக்கிழமை மத்தியானம் மட்டும்தான்," என்றாள் ரேடியோ. "அந்த நேரத்துல நாம சைகை மொழி கத்துக்கலாம். பூசை முழுக்க அவளுக்குப் புரியற மாதிரி நாம கையால சொல்லணும்."

"அப்போ ரிகர்சல்?" என்றான் கிட்டார் வாசிப்பவன். அவனுக்குக் கிட்டார் என்றே பேர்.

"ரிகர்சல் இல்ல. போட்டியும் இல்ல."

"உனக்கென்ன பைத்தியமா? ஒருத்திக்காக இத்தனை பேரோட உழைப்ப விடறதா?"

சண்டை முற்றியது. நாலைந்து பேர் எழுந்து போய்விட்டார்கள். கிட்டாரும் முகத்தைத் தூக்கிக்கொண்டு போனான். மிஞ்சியவர்களைக் கூட்டிக்கொண்டு ரேடியோ லிஃப்ட்காரர் வீட்டுக் கதவைத் தட்டினாள். பின்னால் யாரோ மூச்சிரைக்க ஓடிவரும் சத்தம் கேட்டுத் திரும்பினால் கிட்டார்.

"ஒண்ணும் கேக்காதே," என்றான். "வந்துட்டேன், விடு."

கதவைத் திறந்தவர் லிஃப்ட்காரர்.

"அங்கிள், நாங்க கோயில் இளைஞர் குழுவிலேருந்து வரோம்."

"அது பாத்தாலே தெரியுது. என்ன விஷயம்?"

ரேடியோ ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"நல்ல மனசு உங்களுக்கு. ஆனா என் பொண்ண ஒரு தடவ எல்லார் முன்னாடியும் நிக்க வச்சது போதும்மா. அவ யாருக்கும் வேடிக்கை இல்ல. போயிட்டு வாங்க."

பல்லழகி அவர் முதுகுக்குப் பின்னால்தான் நின்றிருந்தாள். வார்த்தை கேட்காவிட்டாலும் முகங்களைப் படிக்கத் தெரிந்தவள். அப்பாவின் தோளைத் தொட்டுத் திருப்பினாள். இரண்டு பேருடைய கைகளும் படபடவென்று பறந்தன. வாசலில் நின்றவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் கேட்டது இது: "என்னப் பாக்க வந்தவங்கள நீங்க ஏன் அனுப்பறீங்க?"

"உன்மேல பரிதாபப்பட்டு வந்திருக்காங்க."

"இருக்கட்டும். அத நான் கேட்டுக்கறேன். நான் இன்னும் உங்க தோள்மேலயா இருக்கேன்?"

லிஃப்ட்காரர் வழிவிட்டார். உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

பல்லழகி எல்லாரையும் உட்கார வைத்தாள். வந்த விஷயத்தை ரேடியோ கைபேசியில் எழுதிக் காட்டியதைப் படித்துவிட்டு, நிதானமாகப் பதில் எழுதினாள். ரேடியோ அதைச் சத்தமாகப் படித்தாள்.

"எனக்கு ஒருத்திக்காகன்னா வேண்டாம். என்கூடப் படிச்சவங்க இந்த ஊர்ல நிறைய பேர் இருக்காங்க. அச்சகத்துல வேலை செய்யறவன் ஒருத்தன். துணிக்கடையில ரெண்டு பேர். கல்யாணமாகிக் குழந்தையோட ஒரு ஜோடி. எல்லாரும் ஞானஸ்நானம் வாங்கினவங்கதான். ஒருத்தரும் கோயில் பக்கம் வரதில்ல. வந்து என்ன பண்றது? அவங்களுக்கும் சேத்துன்னா சொல்லித் தரேன். பாதியில விட்டுட்டுப் போறதா இருந்தா இப்பவே போயிடுங்க."

யாரும் போகவில்லை.

இப்படித்தான் அந்த வகுப்பு ஆரம்பமானது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் லிஃப்ட்காரர் வீட்டு முன்னறையில் நாற்காலிகளை ஓரமாகத் தள்ளிவிட்டு எல்லாரும் தரையில் வட்டமாக உட்காருவார்கள். பல்லழகி கண்டிப்பான வாத்தியார். வாயைத் திறந்து பேசினால் விரலைச் சொடுக்கி வெளியே காட்டுவாள். ரேடியோவுக்குத்தான் அது பெரிய தண்டனை. ஆரம்பத்தில் இரண்டு உதடுகளையும் விரலால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கிட்டார் ஒருமுறை 'எங்கள் பாவங்களை மன்னியும்' என்று காட்டப்போய், 'எங்கள் மாமியாரைக் கட்டிப்போடும்' என்கிற மாதிரி ஏதோ காட்டிவிட்டான். பல்லழகி தரையில் புரண்டு சிரித்தாள். கல்யாணமே ஆகாத அவனிடம் அதன் பிறகு, மாமியார் எப்படி இருக்கிறார் என்று எல்லாரும் விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.

செய்தி கேள்விப்பட்டுப் பங்குத்தந்தையும் வந்து உட்கார்ந்தார். நல்ல மனிதர், ஆனால் கை வராது. விரல்கள் மரக்கட்டை மாதிரி நிற்கும். வகுப்பிலேயே மோசமான மாணவர் அவர்தான் என்று பல்லழகி எழுதிக் காட்ட, அதைப் படித்து அவரே சிரித்தார். ஆனாலும் ஒரு வாரம்கூட விடவில்லை.

எதிர்ப்பும் வந்தது. கோயில் நிர்வாகம் பார்க்கும் பங்குப் பேரவையின் செயலாளர் பேரவைக் கூட்டத்தில் எழுந்து, "பீடத்துக்குப் பக்கத்துல நின்னு கையக் கைய ஆட்டினா ஜனங்களுக்குக் கவனம் சிதறாதா? அந்தப் பொண்ணு பாவம், நான் இல்லேன்னு சொல்லல. ஆனா பூசைக்குன்னு ஒரு ஒழுங்கு இருக்கில்ல?" என்றார்.

அவர் வாயிலிருந்த மேல்வரிசை முழுக்கப் பல்லழகியின் கைவேலை. அவருடைய அச்சுப் பெட்டியைக் கூடத்துக்குக் கொண்டுவந்தவள் ரேடியோ. யாருக்கு எது பொய்ப்பல் என்பதைக் கூடத்துக்கு வெளியே மூச்சுவிடக் கூடாது என்பது பல்லழகியின் கட்டளை. இளைஞர் குழுத் தலைவியாகக் கூட்டத்துக்கு வந்திருந்த ரேடியோ எழுந்தாள். வாயைத் திறந்தாள். மூடினாள். உட்கார்ந்துவிட்டாள். அந்த வருஷம் முழுக்க அந்த இளைஞர்கள் எத்தனையோ விட்டுக்கொடுத்தார்கள். ஆனால் அதைவிடப் பெரிய தியாகத்தை யாரும் செய்யவில்லை என்று ரேடியோ இன்றைக்கும் சொல்வாள்.

பங்குத்தந்தைதான் பதில் சொன்னார். "கவனம் சிதறுதான்னு செஞ்சு பாத்துட்டுச் சொல்லலாம்." அதோடு பேச்சு முடிந்தது.

வகுப்பு மாதக்கணக்கில் நடந்தது. ஒருத்திக்குப் பரீட்சை, ஒருவனுக்கு ஷிஃப்ட் மாற்றம், இன்னொருத்தி வீட்டில் 'ஞாயித்துக்கிழமைகூட வீடு தங்க மாட்டியா' என்று திட்டு. எல்லாவற்றுக்கும் நடுவில் வந்தார்கள். வந்தவர்களுக்கு எதிர்பாராத ஒன்று நடந்தது. வாயால் சொல்லும்போது செபம் தன்பாட்டுக்கு ஓடிவிடும். கையால் அப்படிச் சொல்ல முடியாது. என்ன அர்த்தம் என்று தெரிந்தால்தான் விரல் அசையும். ஒருநாள் கர்த்தர் கற்பித்த செபத்தை முதல் தடவையாகத் தப்பில்லாமல் முடித்த கிட்டார், கைகளை மடியில் வைத்துக்கொண்டு அவற்றையே பார்த்தான்.

"என்னடா?" என்றாள் ரேடியோ, வகுப்பு முடிந்ததும்.

"சின்ன வயசிலேருந்து தினம் சொல்றேன். இதுல நாம என்ன கேக்கறோம்னு இன்னைக்குத்தான் தெரியுது. இவ்ளோ பெரிய விஷயத்தக் கேட்டுட்டு, நான்பாட்டுக்கு எழுந்து போயிட்டிருந்திருக்கேன்."

அவன் தினமும் காலையில் வேலைக்குப் போகும் வழியில் கோயிலுக்குள் நுழைந்து கொஞ்ச நேரம் உட்காரத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

உள்ளறையில் லிஃப்ட்காரர் தொலைக்காட்சி பார்ப்பதாகப் பேர். முன்னறையில் அத்தனை பேர் இருந்தும் சத்தமே வராது. திடீரென்று எல்லாரும் சேர்ந்து சிரிப்பார்கள். அப்புறம் மறுபடி அமைதி. அந்த அமைதி அவரைப் படுத்தியது. அந்த வீட்டில் இத்தனை வருஷமாகச் சரளமாகக் கையால் பேசியது அவரும் மகளும் மட்டும்தான். இப்போது அறை நிறைய ஆட்கள்.

ஒரு ஞாயிறு லிஃப்ட் வேலையை முடித்துவிட்டு வந்தார். வாசல் முழுக்கச் செருப்பு. தாண்டி உள்ளே வந்தால், எல்லாரும் ஒரு வார்த்தையில் சிக்கிக்கொண்டு நிற்கிறார்கள்.

"இரக்கம்னா எப்படிக் காட்டறது?" என்று எழுதிக் காட்டிவிட்டு ரேடியோ தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். யாரோ காட்டியதைப் பார்த்துப் பல்லழகி தலையை ஆட்டினாள். அது பரிதாபம், அது வேண்டாம் என்றாள்.

லிஃப்ட்காரர் கையில் கருவிப்பையோடு நின்றார். பிறகு பையைக் கீழே வைத்துவிட்டு, நெஞ்சிலிருந்து ஒரு கையை எடுத்து, கீழே விழுந்து கிடக்கும் ஒருவருக்கு நீட்டி, தன் உயரத்துக்கு மெல்லத் தூக்கி நிறுத்துவது போலக் காட்டினார். மகள் சின்னப் பெண்ணாகத் தப்பு செய்துவிட்டு அழுதபோதெல்லாம் அவர் காட்டிய சைகை அது. எந்தப் பள்ளியிலும் சொல்லித்தந்ததல்ல.

பல்லழகி அவரையே பார்த்தாள். பிறகு எல்லாரையும் பார்த்து, 'அதுதான், அப்படியே காட்டுங்க' என்றாள். அறை முழுக்கக் கைகள் நீண்டு, தூக்கி, நிறுத்தின. லிஃப்ட்காரர் பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். ஆனால் அன்றைக்குக் கதவைச் சாத்தவில்லை.

முதல் பூசைக்கு நாள் குறித்தார்கள். முன்வரிசைப் பெஞ்சு ஒன்றை ஒதுக்கி, கைகள் தெரியப் பக்கவாட்டில் ஒரு விளக்கும் பொருத்தியாயிற்று. பல்லழகி தன் பழைய பள்ளித் தோழர்களை ஒவ்வொருவராகப் போய்ப் பார்த்து அழைத்தாள். இதற்கிடையில் இளைஞர்கள் இன்னொரு வேலையும் செய்தார்கள். சில வாரங்களாகப் பூசை முடிந்ததும் மக்களைக் கொஞ்ச நேரம் இருக்கச் சொல்லி, கர்த்தர் கற்பித்த செபத்தை மட்டும் கையால் சொல்லக் கற்றுக்கொடுத்தார்கள். அம்மாவுக்கும் மகளுக்கும் இது தெரியும். லிஃப்ட்காரரிடம் சொல்லவில்லை.

அந்த ஞாயிறும் அவர் வழக்கம்போல இரண்டு பேரையும் வாசலில் இறக்கினார்.

"வரீங்களா?" என்று அம்மா கேட்டாள்.

"நீங்க போங்க."

பல்லழகி சேலை முந்தானையைச் சரிசெய்துகொண்டு, தலை நிமிர்ந்து உள்ளே போனாள்.

லிஃப்ட்காரர் தேநீர்க் கடையில் உட்கார்ந்தார். செய்தித்தாளை விரித்தார், ஒரு வரிகூட ஓடவில்லை. கோயிலின் பெரிய கதவுகள் திறந்திருந்ததால் எல்லாம் கேட்டது. வாசகம், பாட்டு, பங்குத்தந்தையின் மறையுரை. இப்போது ரேடியோவின் கைகள் எப்படி ஓடிக்கொண்டிருக்கும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். பூசை அதன்போக்கில் நகர்ந்தது. அடுத்தது என்ன என்று அவருக்கு மறந்திருக்கவில்லை. இப்போது எல்லாரும் எழுந்து கர்த்தர் கற்பித்த செபத்தைச் சொல்லவேண்டும்.

கோயிலுக்குள் பெஞ்சுகள் நகரும் சத்தம். எல்லாரும் எழுந்துவிட்டார்கள். அதன்பின் ஒன்றுமில்லை.

ஒரு குரல் இல்லை. நிறைந்த கோயில், மூச்சு விடும் சத்தம்கூட இல்லை. கடைக்காரர்கூடப் பால் பாத்திரத்திலிருந்து நிமிர்ந்து பார்த்தார். "என்னங்க ஆச்சு, உள்ள யாருக்காவது ஏதாவது...?"

லிஃப்ட்காரருக்குத் திக்கென்றது. மகள் முன்னால் நிற்கிறாள். பழைய மேடை, நடுங்கிய குழந்தை, கைதட்டிவிட்டுக் காத்திருந்த அந்த அமைதி எல்லாம் ஒன்றாக நெஞ்சில் வந்து மோதியது. டம்ளரை அப்படியே வைத்துவிட்டுத் தெருவைக் கடந்து ஓடினார். படிகளில் ஏறிக் கதவுக்குள் பாய்ந்தவர், அப்படியே நின்றுவிட்டார்.

கோயில் முழுக்கக் கைகள். கிழவர்கள், தாய்மார்கள், இடுப்பில் குழந்தையோடு ஒரு கையால் மட்டும் சொல்பவர்கள், சட்டைக் கையை மடித்துவிட்ட கடைக்காரர்கள். எல்லாரும் வாயை மூடிக்கொண்டு கையால் செபித்துக்கொண்டிருந்தார்கள். சிலர் தப்பும் தவறுமாக, சிலர் பக்கத்திலிருப்பவரைப் பார்த்து. பீடத்தில் பங்குத்தந்தை மரக்கட்டை விரல்களால் திணறிக்கொண்டிருந்தார். கவனம் சிதறும் என்ற செயலாளர், நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒரு சைகையும் விட்டுவிடாமல் செய்துகொண்டிருந்தார். முன்வரிசையில் அச்சகக்காரனும், துணிக்கடைப் பெண்களும், குழந்தையோடு அந்த ஜோடியும். எல்லாருக்கும் முன்னால், விளக்கு வெளிச்சத்தில், அவர் மகள். அவள் கை காட்டிய வழியில் அத்தனை பேருடைய கைகளும் போயின.

இத்தனை காலமும் கோயிலில் அவள்தான் மற்றவர்களைப் பார்த்துப் பார்த்து எழுந்தாள், உட்கார்ந்தாள். இன்றைக்கு மொத்தக் கோயிலும் அவளைப் பார்த்து நின்றது.

லிஃப்ட்காரரின் கைகள் தானாக எழுந்தன. பின்வரிசையில், தூணுக்குப் பக்கத்தில், செருப்பைக்கூடக் கழற்றாமல் அவரும் சேர்ந்துகொண்டார். எங்களுக்குத் தீமை செய்தவரை நாங்களும் மன்னிக்கிறோம் என்று சொல்லவேண்டிய இடம் வந்தது. கை நின்றது. மைக்கைப் பிடித்த அந்தப் போதகரின் முகம் வந்தது. முன்னால் மகள் அந்தச் சைகையை நிதானமாக, முழுசாகச் செய்தாள். பயந்தது அவள், அவமானப்பட்டது அவள். அவளே கடந்து வந்துவிட்டாள். நான் யாருக்காகப் பிடித்துவைத்துக்கொண்டிருக்கிறேன் என்று அவருக்குத் தோன்றியது. மற்றவர்களுக்குக் கொஞ்சம் பின்னால், தனியாக, அந்தச் சைகையை அவரும் செய்து முடித்தார். கண்ணீர் தாடை வரை வந்துவிட்டது. துடைக்கக் கை இல்லை, இரண்டு கையும் செபத்தில் இருந்தன.

பூசை முடிந்து மக்கள் படியில் கூடினார்கள். செயலாளர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து லிஃப்ட்காரரின் கையைப் பிடித்தார்.

"உங்க பொண்ணா?"

"ஆமா," என்றார் லிஃப்ட்காரர். மறுபடியும், கொஞ்சம் உரக்க, "என் பொண்ணு," என்றார்.

"நான் வேண்டாம்னு சொன்னேங்க. தப்பாச் சொல்லிட்டேன்." செயலாளர் வாய் நிறையச் சிரித்தார். பக்கத்தில் நின்ற ரேடியோ அந்தப் பல்வரிசையைப் பார்த்துவிட்டுச் சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பல்லழகி கூட்டத்துக்கு நடுவிலிருந்து அப்பாவைப் பார்த்தாள். தலைகளுக்கு மேலே கைகளை உயர்த்திக் கேட்டாள்: "உள்ள வந்தீங்களா?"

அவரும் கைகளை உயர்த்தினார். "வந்தேன்."

"நான் எப்படிச் செஞ்சேன்?"

அவருக்குச் சைகை வரவில்லை. அத்தனை வேகமான கைகளுக்கு அன்றைக்கு வார்த்தை பஞ்சமாகிவிட்டது. நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு நின்றார். அவளுக்குப் புரிந்தது.

அடுத்த ஞாயிறு அவர் ஸ்கூட்டரைக் கோயில் வளாகத்துக்கு உள்ளே கொண்டுபோய் நிறுத்தினார். கடவுளோடு பேச்சுவார்த்தை ஆரம்பமாகிவிட்டதா என்று அம்மா கேட்டாள். "பாக்கி நிறைய இருக்கு. மெதுவாப் பேசிக்கறோம்," என்றார். மறையுரைக்குச் சைகை சொல்ல ஒருவர் மட்டும் போதாமல், ரேடியோவோடு முறை வைத்து அவரும் நிற்க ஆரம்பித்தார். போட்டிக்காக விட்டுப் போனவர்களில் இரண்டு பேர் கூச்சத்தோடு வந்து வகுப்பில் உட்கார்ந்தார்கள். பல்லழகி நகர்ந்து இடம் கொடுத்தாள். பக்கத்துப் பங்குகளிலிருந்தும் இளைஞர்கள் வரத் தொடங்கினார்கள். லிஃப்ட்காரர் வீட்டு முன்னறை போதாமல், வகுப்பு கோயில் கூடத்துக்கு மாறியது.

பங்குத்தந்தை நகைச்சுவையாகப் பேசக்கூடியவர். அந்த மாதத்தில் ஒருநாள், தன் மேல்வரிசைப் பல்லை மாற்ற மருத்துவரிடம் போய்ப் பயந்து நடுங்கிய கதையை மறையுரையில் சொன்னார். கோயிலே சிரித்து ஓய்ந்தது. லிஃப்ட்காரர் அன்றைக்கு முன்வரிசைப் பெஞ்சில் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ரேடியோவின் கைகள் கதையின் கடைசி வரியை இன்னும் சொல்லிக்கொண்டிருந்தன. கைகள் நின்றன. முன்வரிசை குலுங்கியது. எல்லாரையும் மீறிக்கொண்டு பல்லழகியின் சிரிப்பு வெடித்துக் கிளம்பியது. தன் சத்தம் தனக்கே கேட்காத சிரிப்பு. கூரையில் போய் முட்டிவிட்டு வந்தது. பின்வரிசைகளிலிருந்து ஜனங்கள் எட்டிப் பார்த்தார்கள்.

லிஃப்ட்காரர் அவளை அடக்கவில்லை. திரும்பி, பார்ப்பவர்களையெல்லாம் ஒருமுறை நிதானமாகப் பார்த்துவிட்டு, நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார். பங்குத்தந்தை அடுத்த வாக்கியத்தைத் தொடங்காமல், அந்தச் சிரிப்பு முடியும் வரை காத்திருந்தார்.